கிளாரினெட்டில் உதடும் நாக்கும்: தாழ்பகுதியிலிருந்து உச்சப்பகுதி வரை

கிளாரினெட்டின் தாழ்பகுதியில் ஓரளவு நல்ல ஒலியை எழுப்பப் பழகிவிட்ட மாணவர், ரெஜிஸ்டர் சாவியை அழுத்தி மேற்பகுதிக்குச் சென்றதும் ஒலி மெலிவதையும், சில சுரங்கள் கீச்சிடுவதையும், சில சுரங்கள் வர மறுப்பதையும் காண்கிறார். அந்த வேளையில் அவருடைய கீழ்த்தாடை, ஊதுமுனையில் அதிர்ந்து ஒலி எழுப்பும் மெல்லிய நாணல் பட்டையான ரீடைத் தானாகவே கடிக்கத் தொடங்குகிறது. கடித்தால் சுரம் எப்படியோ வந்துவிடுகிறது என்பதால் அதுவே சரியான வழி என்று வாய் பழகிப் போகிறது. பின்னாளில் களைவதற்கு மிகக் கடினமான பழக்கம் இதுதான். ஆகவே தொடக்கத்திலேயே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்: ஒரு பகுதியிலிருந்து மற்றொரு பகுதிக்குப் போகும்போது உதடுகளும் தாடையும் கிட்டத்தட்ட இருந்தபடியே இருக்க வேண்டும், மாற வேண்டியவை வாய்க்குள் நாக்கு நிற்கும் உயரமும் காற்றின் வேகமும் மட்டுமே.

சொல்வதற்கு எளிதான இந்தக் கொள்கை செயலில் கடினமாக இருப்பதற்குக் காரணம், அதே நாக்குக்கு இரண்டாவது வேலையும் இருப்பதுதான். சுரங்களைப் பிரித்து ஒலிக்கச் செய்யும் துத்துகாரமும் நாக்கின் பொறுப்பு. நாக்கின் பின்பாதி அசையாமல் உயரத்தைக் காக்க, நுனி மட்டும் அசைந்து ரீடைத் தொட வேண்டும். இந்தப் பிரிவினை கைவந்தவருக்குக் கிளாரினெட்டின் எல்லாப் பகுதிகளும் ஏறக்குறைய ஒரே மாதிரியான முயற்சியில் ஒலிக்கும்.

பகுதிகள் எப்படிப் பிரிகின்றன

இங்கே சுரங்களை மேற்கத்தியப் பெயர்களால், நடு ஸியை ஸி4 என்று கொண்டு குறிப்பிடுகிறேன். இவை பி ஃப்ளாட் கிளாரினெட்டுக்கு எழுதப்படும் சுரங்கள். ஒலியோ அதைவிட ஒரு முழுச்சுரம் தாழ்வாகக் கேட்கும்.

கிளாரினெட்டின் துளை பெரும்பாலும் ஒரே விட்டமுள்ள உருளை. ரீடு இருக்கும் முனை ஒலியியல்படி மூடிய முனையாக நடந்துகொள்கிறது. இத்தகைய குழாயில் அடிப்படை அதிர்வுக்கு அடுத்தபடி வலுவாக நிற்பது அதன் மூன்று மடங்கு அதிர்வு. அதனால்தான் புல்லாங்குழலைப் போல ஒரு ஸ்தாயி ஏறாமல், கிளாரினெட் ஒரு ஸ்தாயியும் பஞ்சமமும் சேர்ந்த தொலைவுக்கு, அதாவது பன்னிரண்டாம் சுரத்துக்குத் தாவுகிறது. ஈ3 முதல் ஏறக்குறைய எஃப்4 வரை ஷாலுமோ எனப்படும் தாழ்பகுதி. அதற்கு மேல் பி ஃப்ளாட்4 வரை தொண்டைச் சுரங்கள். பி4 முதல் ஸி6 வரை கிளாரியன். ஸி ஷார்ப்6 தொடங்கி அல்டிசிமோ எனப்படும் உச்சப்பகுதி. ஷாலுமோ என்பது கிளாரினெட்டுக்கு முன்னோடியான பழைய கருவியின் பெயர். நியூரம்பெர்க் நகரில் யோஹான் கிறிஸ்டோஃப் டென்னர் 1700ஐ ஒட்டிய ஆண்டுகளில் கிளாரினெட்டை உருவாக்கினார் என்று பொதுவாகக் கருதப்படுகிறது.

இடக்கைக் கட்டைவிரல் ரெஜிஸ்டர் சாவியை அழுத்தும்போது குழாயின் மேற்பாதியில் ஒரு சிறிய துளை திறந்து, அடிப்படை அதிர்வைப் பலவீனப்படுத்துகிறது. உடனே மூன்றாம் மடங்கு மேலெழுகிறது. உச்சப்பகுதியில் இடக்கை ஆள்காட்டி விரலை எடுப்பதால் திறக்கும் துளையும் அதே வேலையைச் செய்ய, ஐந்தாம் மடங்கு ஒலிக்கிறது. மேலே போகப் போகக் குழாய் தன் சுரத்தைப் பிடித்து வைத்திருக்கும் வலிமை குறைகிறது. வாய்க்குள் இருக்கும் காற்றறையின் வடிவம் ஒலியின் மேல் செலுத்தும் ஆதிக்கம் கூடுகிறது. தாழ்பகுதியில் நாக்கு எங்கே இருந்தாலும் சுரம் வந்துவிடுவதும், உச்சப்பகுதியில் அது சற்றே இறங்கினாலும் சுரம் உடைவதும் இதனால்தான். தாழ்பகுதியில் பல மாதங்கள் கவனக்குறைவாக வாசித்தவருக்குத் தன் நாக்கு தவறான இடத்தில் இருப்பதே தெரியாமல் போவதும் இதனால்தான்.

உதட்டமைப்பு

முதலில், ரீடு பொருத்தப்படும் ஊதுமுனையான மௌத்பீஸை வாய்க்குள் எவ்வளவு வைப்பது என்பதை முடிவு செய்ய வேண்டும். ரீடைப் பொருத்திய பிறகு, ரீடுக்கும் மௌத்பீஸுக்கும் இடையே ஒரு மெல்லிய தாளை நுனியிலிருந்து மெதுவாகச் செருகினால் அது ஓரிடத்தில் நின்றுவிடும். ரீடும் மௌத்பீஸும் பிரியத் தொடங்கும் இடம் அது. கீழுதட்டின் அழுத்தம் ஏறக்குறைய அந்த இடத்தில் விழ வேண்டும். அதைவிடக் குறைவாக வைத்தால் ரீடு அதிர இடமில்லாமல் ஒலி சிறுத்துப் போகும். அதிகமாக வைத்தால் கட்டுப்பாடு இழந்து கீச்சிடும். பெரும்பாலான தொடக்கநிலை மாணவர்கள் குறைவாக வைக்கும் பக்கமே தவறுகிறார்கள் என்பது என் கணிப்பு. சந்தேகம் வந்தால் கீச்சொலி வரும் வரை சிறிது சிறிதாக உள்ளே தள்ளிச் சென்று, கீச்சொலி வந்த இடத்திலிருந்து மிகச் சிறிது பின்வாங்குவது நம்பகமான வழி.

மேற்பற்கள் மௌத்பீஸின் மேற்புறத்தில் நேரடியாக அமர வேண்டும். பற்கள் வழுக்காமலும் அதிர்வு கூசாமலும் இருக்க அங்கே ஒரு மெல்லிய ரப்பர் ஒட்டியைப் பதிப்பது நல்லது. கீழுதடு கீழ்ப்பற்களின் மேல் மெத்தையாகப் படிய வேண்டும். ஆனால் உதட்டின் சிவந்த பகுதி முழுவதையும் உள்ளே மடக்கிவிடக் கூடாது. ஏறக்குறையப் பாதி உள்ளே போனால் போதும். தடித்த உதடு உள்ளவர்கள் அதைவிடக் குறைவாகவும், மெல்லிய உதடு உள்ளவர்கள் சற்று அதிகமாகவும் மடக்க நேரிடலாம். முகவாய்த் தோல் கீழ்நோக்கி இழுபட்டுத் தட்டையாக இருக்க வேண்டும். முகவாய் குவிந்து சுருங்கினால் கீழுதட்டுச் சதை ரீடின் மேல் திரண்டு அதன் அதிர்வை விழுங்கிவிடும். வாயின் இரு ஓரங்களும் மௌத்பீஸை நோக்கி உள்ளே குவிய வேண்டும். சிரிப்பதுபோல் வெளிப்புறமாக இழுபட்டால் காற்று கசியும், ஒலியும் கூர்மையாகிவிடும்.

இந்த அமைப்பை எளிதாக அடைய ஒரு வழி உண்டு. கருவி இல்லாமல் ‘ஈ’ என்று நீட்டிச் சொல்லுங்கள். நாக்கின் இரு பக்கங்களும் மேல்கடைவாய்ப் பற்களைத் தொடுவதை உணர்வீர்கள். நாக்கை அங்கேயே நிறுத்திக்கொண்டு, உதடுகளை மட்டும் ‘ஊ’ என்பதற்குக் குவிப்பதுபோல் குவியுங்கள். உள்ளே ‘ஈ’, வெளியே ‘ஊ’ என்ற இந்த இரட்டை நிலையே கிளாரினெட் வாயமைப்பின் அடிப்படை.

கருவியைத் தலையைக் குனிந்து தேடிச் செல்லாமல், நிமிர்ந்திருக்கும் வாய்க்குக் கருவியைக் கொண்டுவர வேண்டும். கருவி உடலோடு 30 முதல் 45 பாகை வரையிலான கோணத்தில் இருப்பது பொதுவாகப் பொருந்தும். பல்வரிசைக்கு ஏற்பச் சிறிது மாறலாம். வலக்கைக் கட்டைவிரல் கருவியைத் தாங்குவதோடு நில்லாமல், மேற்பற்களை நோக்கி மெல்ல மேலே அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். ரீடுக்குத் தேவையான பிடிமானம் கீழ்த்தாடை மேலே கடிப்பதிலிருந்து வராமல், கருவி மேலே வருவதிலிருந்து கிடைக்கும். மேற்பகுதிகளில் இதன் பயன் வெகுவாகத் தெரியும்.

அமைப்பு சரியா என்று சோதிக்க, மௌத்பீஸையும் அதற்கு அடுத்துள்ள குட்டைக் குழாயான பேரலையும் மட்டும் இணைத்து வலுவாக ஊதுங்கள். பி ஃப்ளாட் கிளாரினெட்டில் ஒலிக்கும் சுருதி பியானோவின் எஃப் ஷார்ப்5ஐ ஒட்டி, அதாவது 740 ஹெர்ட்ஸ் அளவில், ஆடாமல் நிற்க வேண்டும். மௌத்பீஸை மட்டும் ஊதினால் அது பியானோவின் ஸி6ஐ ஒட்டி வரும். சுருதி இதற்குத் தாழ்ந்தால் உதடு தளர்ந்திருக்கிறது, அல்லது நாக்கு இறங்கியிருக்கிறது, உயர்ந்தால் கடிக்கிறீர்கள்.

உதடு மாற வேண்டியதில்லை என்பதை நம்ப முடியாதவர்களுக்கு ஒரு சோதனை உண்டு. எஃப்3ஐ நல்ல காற்றோடு நீட்டி வாசியுங்கள். உடனிருப்பவர் ஒருவரை, முன்னறிவிப்பு இல்லாமல், ரெஜிஸ்டர் சாவியை அழுத்தச் சொல்லுங்கள். அமைப்பு சரியாக இருந்தால் நீங்கள் எதுவும் செய்யாமலே ஸி5 தெளிவாக எழும். எழவில்லையென்றால் தாழ்பகுதியிலேயே உங்கள் உதடு தளர்ந்திருக்கிறது என்று பொருள். திருத்தத்தை அங்கிருந்தே தொடங்க வேண்டும்.

நாக்கின் உயரம்

கிளாரினெட்டில் நாக்கின் இயல்பான நிலை உயர்ந்த நிலையே. ‘ஹீ’ என்று சொல்லும்போது நாக்கின் நடுவும் பின்பாதியும் மேலண்ணத்தை நெருங்கி நிற்கின்றன. காற்று அந்தக் குறுகிய வழியில் வேகம் பெற்று ரீடை அடைகிறது. ‘ஹா’ என்னும்போது நாக்கு தாழ்ந்து வாய் அகல்கிறது. தாழ்பகுதியில் ஒலி பருமனாக வேண்டுமென்று நாக்கைத் தாழ்த்தச் சொல்வோர் உண்டு; அந்த அறிவுரையை நான் ஏற்பதில்லை. அதனால் ஒலி பருமனாவதைவிடக் குவிவிழந்து பரவலாவதே அதிகம். மேலும் அங்கிருந்து மேற்பகுதிக்குத் தாவும் ஒவ்வொரு முறையும் நாக்கு நெடுந்தொலைவு பயணம் செய்ய நேரிடுகிறது. தாழ்பகுதியில் ‘ஹீ’யிலிருந்து மிகச் சிறிது தளர்ந்த நிலை, கிளாரியனில் முழு ‘ஹீ’, உச்சப்பகுதியில் நாக்கின் நடுப்பகுதி இன்னும் முன்னோக்கி வரும் ‘ஷீ’ என்று கொண்டால் மாற்றங்கள் சிறியவையாக இருக்கும்.

நாக்கு கண்ணுக்குத் தெரியாத உறுப்பு என்பதால் அதன் நிலையை ஒலியின் வழியாகவே கற்க முடியும். அதற்கு இரண்டு பயிற்சிகளை நான் மிகவும் மதிக்கிறேன். முதலாவது சுருதியை வளைப்பது. கட்டைவிரலும் ரெஜிஸ்டர் சாவியும் மட்டும் கொண்ட ஸி6ஐ வாசித்து, விரல்களையும் உதட்டையும் தொடாமல், நாக்கை மெதுவாக ‘ஈ’யிலிருந்து ‘ஆ’வை நோக்கி இறக்குங்கள். சுருதி அரைச்சுரம் வரை வழுக்கிக்கொண்டு இறங்க வேண்டும்; நாக்கு மீண்டும் ஏறும்போது சுருதியும் உடையாமல் ஏற வேண்டும். உதட்டைத் தளர்த்தியும் இறக்க முடியும் என்பதால் முகவாயைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே செய்வது அவசியம். முதல் சில நாட்கள் ஒன்றும் நிகழாதது போலிருக்கும். இறங்கத் தொடங்கியதும், நாக்கு சுருதியை எவ்வளவு ஆள்கிறது என்பது ஐயமின்றிப் புரிந்துவிடும்.

இரண்டாவது, ஏ5ஐ நல்ல காற்றோடு நீட்டிக்கொண்டே ரெஜிஸ்டர் சாவியை மெதுவாக விடுவது. நாக்கு உயர்ந்தும் காற்று விரைந்தும் இருந்தால் சாவி மூடிய பிறகும் ஏ5 சிறிது நேரமாவது நின்று ஒலிக்கும். சாவியை விட்ட கணமே டி4க்கு விழுந்துவிட்டால், அதுவரை சுரத்தைத் தாங்கியது சாவி மட்டுமே, நாக்கு அல்ல என்பது தெளிவாகிறது.

ஒலியளவு மாறும்போதும் இதே கட்டுப்பாடு வேண்டும். கிளாரினெட்டில் உரக்க ஊதினால் சுருதி இறங்கவும், மெலிவாக ஊதினால் ஏறவும் பார்க்கும். மெலிவாக வாசிக்கும்போது கடிக்கும் வழக்கம் இந்த ஏற்றத்தை இன்னும் பெருக்கிவிடும். ஒலியைக் குறைக்கும்போது காற்றின் அளவைக் குறைத்து, நாக்கை உயரத்திலேயே நிறுத்தி, அதன் வேகத்தைக் காக்க வேண்டும்.

துத்துகாரம்

ரீடின் நுனி ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு தடிமனே உள்ளது. அதற்கும் மௌத்பீஸின் நுனிக்கும் இடையே உள்ள இடைவெளி ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். இவ்வளவு நுண்ணிய பொருளை நிறுத்த மெல்லிய தொடுகை போதும். நாக்கின் நுனி, அல்லது நுனிக்குச் சற்றே பின்னுள்ள மேற்பரப்பு, ரீடின் முனைக்கு மிக அருகில் தொட வேண்டும். தொட்டிருக்கும்போது ரீடு அதிராது, விலகியதும் அதிரும். சுரம் பிறப்பது நாக்கு அடிப்பதால் அன்று, நாக்கு விலகுவதால். காற்றின் அழுத்தம் நாக்குக்குப் பின்னால் எப்போதும் தயாராகக் காத்திருக்க வேண்டும். நாக்கு காற்றைத் தள்ளுவதில்லை.

எந்த எழுத்தை மனத்தில் சொல்லிப் பழகுவது என்பதில் தமிழ் பேசுபவர்கள் சற்றுக் கவனமாக இருக்க வேண்டும். ‘டீ’ என்று நாம் சொல்லும்போது நாக்கின் நுனி பின்னோக்கி வளைந்து மேலண்ணத்தைத் தொடுகிறது. ரீடை விட்டு வெகு தொலைவு போய்விடுகிறது. ‘தீ’ என்னும்போது நுனி முன்னோக்கி வந்து மேற்பற்களின் பின்புறத்தைத் தொடுகிறது. வாசிக்கும்போது ரீடின் முனை அதற்கு மிக அருகிலேயே இருக்கிறது. ‘தீ’யின் உயிரொலி நாக்கின் பின்பாதியை உயரத்தில் நிறுத்தவும் செய்கிறது. ‘தா’ என்று பழகினால் ஒவ்வொரு தொடுகையிலும் நாக்கு முழுவதும் கீழே விழும். மென்மையான தொடக்கத்துக்கு ‘நீ’ என்பதைப் போன்ற மிருதுவான தொடுகை பொருந்தும்.

பயிற்சியை ஸி4 அல்லது ஜி3 போன்ற வசதியான சுரத்தில் தொடங்குங்கள். மெட்ரோனோமை 60இல் வைத்து, நான்கு எண்ணிக்கைக்கு ஒரு நெடுஞ்சுரத்தைத் துத்துகாரமின்றி வாசியுங்கள். அடுத்த நான்கு எண்ணிக்கையில், காற்றைச் சிறிதும் நிறுத்தாமல், ஒவ்வோர் எண்ணிக்கைக்கும் ஒருமுறை ரீடை உரசுவதுபோல் தொடுங்கள். ஒலி அறுபடக் கூடாது. அதன் மேல் ஒரு சிறு கோடு விழுந்தது போலிருக்க வேண்டும். இது சீராக வந்த பிறகு எண்ணிக்கைக்கு இரண்டு, பிறகு நான்கு. கண்ணாடியில் முகவாயோ கழுத்தோ துடிப்பது தெரிந்தால் நாக்கு முழுவதும் அசைகிறது என்று பொருள். வேகத்தைக் குறைத்து, அசைவு நுனியில் மட்டும் நிற்கும் வரை அங்கேயே இருங்கள்.

குறுகிய, தெறித்த சுரங்களுக்கு நாக்கு ரீடுக்குத் திரும்பி வந்து ஒலியை முடிக்க வேண்டும். காற்றை நிறுத்தி முடிக்கக் கூடாது. சுரங்களுக்கு இடையிலான மௌனத்தில் நாக்கு ரீடின் மேல் இருக்கும், அழுத்தம் அப்படியே நிற்கும், விரல்கள் அடுத்த சுரத்துக்கு நகர்ந்துவிடும். விரலும் நாக்கும் ஒன்றையொன்று பிந்தும் குறை பெரும்பாலும் இந்த மௌனத்தைப் பயன்படுத்திக்கொள்ளாததால் வருவது.

நாக்கின் நுனியைக் கீழ்ப்பற்களின் பின்னால் ஊன்றிவிட்டு, நடுப்பகுதியால் ரீடைத் தொடும் முறையும் உண்டு. நீளமான நாக்கு உடைய சிலருக்கு அது இயல்பாக அமைகிறது, தாழ்பகுதியில் நன்றாகவும் ஒலிக்கிறது. ஆனால் உயரத்தைக் காக்க வேண்டிய பகுதியே ரீடைத் தொடவும் வேண்டியிருப்பதால், மேற்பகுதியில் வேகமாக வாசிக்கும்போது பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். புதிதாகக் கற்பவர் நுனியையே பயன்படுத்திப் பழகுவது நல்லது.

பகுதிகளைக் கடக்கும்போது

தொண்டைச் சுரங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அங்கே குழாய் குட்டையாக இருப்பதால் ஒலி இயல்பாகவே மெலிந்தது. உதட்டை மாற்றி அதைச் சரிசெய்ய முயலாமல், வலக்கை விரல்களால் துளைகள் சிலவற்றை மூடி ஒலிக்கு நிறம் சேர்க்க வேண்டும். ஏ4, பி ஃப்ளாட்4 ஆகியவற்றின்போதே வலக்கை விரல்கள் துளைகளின் மேல் அமர்ந்துவிட்டால் பி4க்குக் கடப்பதும் எளிதாகிறது. அந்த எல்லையில் ஏற்படும் தடுமாற்றம் பெரும்பாலும் விரல்களால் வருவது. அதை உதட்டின் குறையாக எண்ணிக் கடிக்கத் தொடங்குவதே பெரிய இழப்பு.

கிளாரியனின் மேற்பாதியில், குறிப்பாக ஜி5 முதல் ஸி6 வரை, துத்துகாரத்தோடு தொடங்கும்போது சுரத்துக்கு முன்னால் தாழ்ந்த ஓர் உறுமல் கேட்பதுண்டு. நாக்கு விலகும் கணத்தில் அதன் பின்பாதியும் சேர்ந்து இறங்குவதால், குழாயின் தாழ்ந்த அதிர்வு ஒரு நொடிக்கும் குறைவான நேரம் தலைகாட்டுகிறது. இதற்கு மருந்து, சுரத்தை முதலில் காற்றால் மட்டும், ‘ஹீ’ என்று தொடங்குவது. உறுமல் இன்றி அது வந்த பிறகு, அதே மூச்சில், நெடுஞ்சுரத்தின் நடுவே ரீடை மெல்ல உரசிப் பாருங்கள். கடைசியாகத்தான் ‘தீ’ என்று தொடங்கிப் பாருங்கள். காற்றால் தொடங்கும்போதே உறுமல் வந்தால் குறை துத்துகாரத்தில் இல்லை, நாக்கின் உயரத்தில் இருக்கிறது.

உச்சப்பகுதிக்குப் படிப்படியாக ஏறும் வழி, ஒரே விரலமைப்பின் மூன்று அதிர்வுகளையும் இணைத்து வாசிப்பது. ஏ3ஐ நீட்டி, ரெஜிஸ்டர் சாவியால் ஈ5க்கு ஏறி, அங்கிருந்து இடக்கை ஆள்காட்டி விரலை எடுத்து ஸி ஷார்ப்6க்குச் செல்லுங்கள். மூன்றும் ஒரே மூச்சில், துத்துகாரமின்றி. அடுத்து பி ஃப்ளாட்3, எஃப்5, டி6. அதன்பின் ஸி4, ஜி5, ஈ6. டி6 முதல் வலக்கைச் சுண்டுவிரலால் ஈ ஃப்ளாட் சாவியைச் சேர்த்தால் சுருதி சரியாக நிற்கும். ஒவ்வோர் ஏற்றத்துக்கும் முன்பே, தாழ்ந்த சுரம் ஒலிக்கும்போதே, நாக்கு மேலே செல்லவிருக்கும் நிலைக்கு வந்துவிட வேண்டும்.

இறங்குவது ஏறுவதைவிடக் கடினம். ஈ5இலிருந்து ஏ3க்கு இணைத்து இறங்கும்போது, கட்டைவிரல் சாவியை விட்ட பிறகும் மேற்சுரம் பிடிவாதமாக நிற்கலாம். அது நாக்கு சரியான உயரத்தில் இருப்பதன் அடையாளம் என்பதால் வருந்த வேண்டியதில்லை. விரல் விலகும் அதே கணத்தில் நாக்கை மிகச் சிறிது தளர்த்தி, காற்றை மட்டும் குறையாமல் வைத்திருந்தால் தாழ்சுரம் ஓசையின்றி வந்து அமரும். உதட்டைத் தளர்த்தி இறங்கினால் அடுத்த ஏற்றத்துக்கு அமைப்பே இருக்காது.

உச்சப்பகுதியில் துத்துகாரத்தைக் கடைசியாகச் சேர்க்க வேண்டும். மூன்று சுரங்களையும் இணைத்து வாசிப்பது சீரான பிறகு, ஸி ஷார்ப்6ஐ மட்டும் பிடித்து, அதன் மேல் எண்ணிக்கைக்கு ஒருமுறை ரீடை உரசுங்கள். சுரம் உடைந்தால் நாக்கின் நுனி தேவைக்கு அதிகமாக விலகுகிறது. தெறித்த சுரங்களை இந்தப் பகுதியில் முதலில் நீளமாகவே வாசித்து, மெல்ல மெல்லக் குறுக்க வேண்டும். இவ்வளவும் செய்த பிறகும் உச்சச் சுரங்கள் சுருதி தாழ்ந்து மூடிக்கொண்டால் ரீடு மிக மென்மையானதாக இருக்கலாம். ரீடின் எண் அதன் கடினத்தைக் குறிக்கும்; அரை எண் கூடுதலான ரீடை முயன்று பாருங்கள். மாறாக, தாழ்பகுதியில் காற்றிரைச்சல் கேட்டு, கடிக்காமல் எதுவும் ஒலிக்கவில்லை என்றால் ரீடு கடினமானது; அரை எண் குறைக்க வேண்டும். உச்சப்பகுதிப் பயிற்சியை ஒரே அமர்வில் நீட்டிக்காமல், வாயின் ஓரங்கள் களைத்துக் காற்று கசியத் தொடங்கியதும் நிறுத்திவிட வேண்டும். களைத்த ஓரங்களுக்குப் பதிலாகத் தாடை வேலை செய்யத் தொடங்குவது அந்த நிமிடத்தில்தான்.